ஆர்டிஸ் சொன்ன ‘வேண்டாம்’

அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும், ஆர்டிஸ் ஹெக்லண்டை வீட்டைவிட்டுக் கிளப்ப யாராலும் ஆகாது. தேவாலயத்தில் விருந்து என்றாலும் சரி, பக்கத்து ஊரில் பூசணித் திருவிழா என்றாலும் சரி, கால் வலி என்பாள், தலை வலி என்பாள், சோளம் அறுக்கிற தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். உண்மையில் ஒரு வலியும் கிடையாது. எழுபத்து மூன்று வயதிலும் வாசல் பனியைத் தானே வாரித் தள்ளுகிறவள் அவள். அந்த மூன்று மணி நேரமும் அவள் ஒரு போன் அழைப்புக்காகக் காத்திருப்பாள்.

அப்படி என்ன பெரிய அழைப்பு? மற்றவர்கள் எண்ணைப் பார்த்ததுமே அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவார்களே, அந்த அழைப்புதான். நோர்ட்பி கல்லூரியிலிருந்து நன்கொடை கேட்டு வருகிற அழைப்பு.

நோர்ட்பி சின்னக் கல்லூரி. ஆர்டிஸ் இருக்கிற ஹார்ட்விக் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், மினசோட்டாவை விட்டு வெளியே போகவே வேண்டாம். தனியார் கல்லூரி என்பதால் கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன பணத்தில்தான் படிக்கிறார்கள். செத்துப்போன பன்றிப் பண்ணைக்காரர் பெயரில் ஓர் உதவித்தொகை, பியானோ டீச்சர் ஒருத்தி பெயரில் ஒன்று, ஏதோ ஒரு தேவாலயத்துப் பெண்கள் பலகாரம் விற்ற காசில் ஒன்று. அதுவும் போதாமல் வருடா வருடம் மாணவர்களையே போன் முன்னால் உட்காரவைத்து, பழைய மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார்கள். கேட்கிற பிள்ளைக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி. கேட்பதற்கு ஒரு முறையும் உண்டு. மூன்று தடவை கேட்க வேண்டும். முதலில் கண்ணைக் கட்டுகிற தொகை, இல்லை என்றால் அதைவிடக் குறைவு, அதுவும் இல்லை என்றால் கையில் இருப்பது எதுவோ அது.

இதை எழுதிக் கொடுத்த மகராசன் எங்கள் மினசோட்டாப் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால் காபி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். ‘ஐயோ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்’ என்று சொல்ல வேண்டும். ‘சும்மா ஒரு வாய்’ என்பார்கள். ‘உங்களுக்கு எதற்குச் சிரமம்’ என்று சொல்ல வேண்டும். ‘போட்டுவைத்தது வீணாகத்தானே போகும்’ என்று மூன்றாம் தடவை கேட்பார்கள். அப்போது ‘சரி, அரைக் கோப்பை’ என்று வாங்கி, ஒன்றரைக் கோப்பை குடித்துவிட்டு வர வேண்டும். முதல் தடவையே சரி என்கிறவன் பறக்காவெட்டி. முதல் தடவையோடு கேட்பதை நிறுத்திக்கொள்கிறவன் கஞ்சன். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரிந்த விஷயத்துக்குப் புத்தகம் எதற்கு?

நான்கு வருடத்துக்கு முன்னால், அப்படி ஓர் அக்டோபரில்தான் மரிசேலாவின் குரல் முதன்முதலில் ஆர்டிஸ் வீட்டுச் சமையலறைக்குள் வந்தது.

“ஹெக்லண்ட் அம்மாங்களா? நோர்ட்பி காலேஜ்ல இருந்து மரிசேலா பேசறேங்க. முதல் வருஷம். உங்களுக்கு ஒரு ரெண்டு நிமிஷம் இருக்குங்களா?”

“ரெண்டு நிமிஷம் என்ன, அடுப்புல ஒண்ணும் இல்ல. சொல்லு.”

பெண் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறாள் என்பது கேட்கும்போதே தெரிந்தது. நடுவில் மூச்சு விடுகிற இடம்கூடத் தப்பான இடம். ஐநூறு டாலர் கொடுக்க முடியுமா என்றாள்.

“ஐயோ, அவ்வளவெல்லாம் நம்மால ஆகாதும்மா.”

“புரியுதுங்க. அப்படின்னா ஒரு நூறு டாலர்...”

“நீ எந்த ஊரு?”

“நூறு டாலர் குடுத்தீங்கன்னா...”

“அது இருக்கட்டும். எந்த ஊருன்னு கேட்டேன்.”

அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. இந்தக் கேள்விக்குப் பதில் அதில் இல்லை போலிருக்கிறது. பிறகு மெதுவாக ஊர்ப் பெயரைச் சொன்னாள். மேற்கே, பன்றிக்கறித் தொழிற்சாலை இருக்கிற ஊர். அப்பாவுக்கு அங்கே கத்தி பிடிக்கிற வேலை. அம்மாவுக்கு அதே இடத்தில் கழுவித் துடைக்கிற வேலை. வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவள்தான். விடுதியில் இவளோடு அறையில் இருக்கிற பெண் ராத்திரியெல்லாம் குறட்டை விடுகிறாள். சாப்பாட்டுக் கூடத்தில் எதிலும் காரம் கிடையாது.

“மிளகாய்ப் பாட்டில் ஒண்ணு பையிலயே வச்சிட்டு அலையறேங்க. சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும். எங்க ஆளுங்களுக்கு மிளகுத்தூள் போட்டாலே கண்ணுல தண்ணி வந்துடும்.”

முப்பத்தைந்து நிமிடம் பேசினார்கள். மூன்றாம் தடவை கேட்டபோது ஆர்டிஸ் இருபத்தைந்து டாலர் என்றாள். முதல் பெயரைத் தவிர வேறு எதையும் பிள்ளைகள் சொல்லக் கூடாது என்பது கல்லூரி விதி. அதனால் அந்தப் பெண் அவளுக்கு வெறும் மரிசேலாதான். அடுத்த வருடமும் அதே பெண் கூப்பிட்டாள். ஆர்டிஸின் பெயர் தன் பங்கில் வரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று சொன்னாள்.

அந்த இரண்டாவது வருடம்தான், யாரிடமும் சொல்லாததை ஆர்டிஸ் அவளிடம் சொன்னாள். முகம் தெரியாத ஆளிடம் சொல்வது சில சமயம் சுலபம்.

“நீங்க எந்த வருஷம் முடிச்சீங்கம்மா? இங்க வருஷம் போடாம இருக்கே” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“முடிக்கலம்மா. ரெண்டு வருஷத்தோட நின்னுட்டேன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. ஆர்டிஸுக்கு வரலாற்று டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, பாட்டி முப்பாட்டியெல்லாம் மாட்டுக் கொட்டிலைத் தாண்டாத குடும்பத்தில் ஒருத்திக்கு வந்த ஆசை. அந்த வசந்தத்தில் அப்பா தீவனக் கோபுரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மூன்றாம் வருடக் கட்டணம் கட்ட வழியில்லை. கல்லூரி அலுவலகத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாஸ்டன் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர், நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உனக்கு ஓர் உதவித்தொகை இருக்கும்மா, மிச்ச ரெண்டு வருஷத்துக்கும் போதும்” என்றார்.

ஆர்டிஸுக்கு உடனே வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் வாய் வளர்ந்தது எங்கள் பக்கத்தில் அல்லவா? “இல்லைங்க, என்னைவிடத் தேவைப்படறவங்க யாராவது இருப்பாங்க, அவங்களுக்குக் குடுங்க” என்றாள். சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த வயசுல இப்படி ஒரு மனசு!” என்று எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் காகிதங்கள் இருந்த கோப்பினை மூடி வைத்தார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். வெளியே வந்து நடையில் கிடந்த பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், கதவு திறந்து திரும்பக் கூப்பிடுவார் என்று. விடுதியில் இன்னும் நான்கு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் சித்தப்பா வண்டியோடு வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது கத்தித் தொலைத்துக் கெட்டது. இவள் மரியாதையாகப் பேசிக் கெட்டாள்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் ஹார்ட்விக் தானியக் கிடங்கின் எடை மேடையில் வேலை. சோளம் ஏற்றிய லாரி வரும், எடை போட்டுச் சீட்டு கொடுப்பாள், லாரி போகும். வெர்லின் என்று நல்ல புருஷன் வாய்த்தான். பிள்ளையில்லை. அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. குறை சொல்கிற வாழ்க்கை இல்லை. ஆனாலும் செப்டம்பரில் மஞ்சள் பள்ளிப் பேருந்து எடை மேடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு வருடம்கூடப் பார்க்காமல் விட்டதில்லை. இதை வெர்லினிடமும் சொன்னதில்லை.

மரிசேலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அவர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்லம்மா?”

“கேட்டிருக்கலாம்” என்றாள் ஆர்டிஸ். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். துக்கத்தில் இல்லை. ஐம்பது வருடமாக அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருத்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து ஆர்டிஸுக்கு ஒரே ஏக்கம்தான். அந்தப் பெண் படித்து முடிக்க வேண்டும். முடித்துவிட்டேன் என்று அவள் வாயால் சொல்ல, தன் காதால் கேட்க வேண்டும்.

மூன்றாவது வருடம் மரிசேலாவின் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது. அப்பாவுக்கு மணிக்கட்டு போய்விட்டது, வேலையைக் குறைத்துவிட்டார்கள். கடைசி வருடத்துக்குக் கட்டணம் துண்டு விழுகிறது. அப்படித் துண்டு விழுகிற கடைசி வருடப் பிள்ளைகளுக்கென்றே கல்லூரியில் புதிதாக ஓர் உதவித்தொகை தொடங்கியிருந்தார்கள். அந்தப் பணம் மாதாமாதம் கொடுக்கிறவர்களிடமிருந்து மட்டும் வருவது.

“அதனால இந்த வருஷம் முதல்ல மாசக் கணக்குதான் கேக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க எப்பவும் போல வேண்டாம்னு சொல்லுங்க, நான் அடுத்ததுக்குப் போறேன். மாசம் பதினஞ்சு டாலர், உங்க வங்கியில இருந்து தானா எடுத்துக்கற மாதிரி, முடியுங்களாம்மா?”

“சரி” என்றாள் ஆர்டிஸ்.

“என்னது?”

“சரின்னேன்.”

“முதல் தடவையிலயேவா?”

“என்னடி பண்றது, வயசாகுது. மரியாதை மறந்துபோச்சு.”

மரிசேலா கத்திய கத்தலில் பின்னால் யாரோ மணி அடித்தார்கள். யாராவது மாதக் கொடை என்று சொன்னால் அந்த அறையில் மணி அடிப்பார்களாம். ஆர்டிஸ் போனை வைத்துவிட்டு, தன்னந்தனியாக மேசை முன் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டவுடனே சரி சொன்னதை நினைத்து ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாவம், அந்தச் சிரிப்புக்கு ஆயுசு ஒரு வருடம்தான்.

நான்காவது அக்டோபரில் அழைப்பு வரவில்லை. முதல் ஞாயிறு வரவில்லை, சரி, பரீட்சையாக இருக்கும். இரண்டாம் ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு போனைத் தூக்கி உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். குளியலறைக்குப் போகும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். மேப்பிள் மரத்து இலையெல்லாம் கொட்டி முடிந்தது. மரிசேலாவிடம் சொல்ல என்றே எடுத்து வைத்திருந்த சங்கதிகள் பழசாகிக்கொண்டே போயின. கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைக்கிற ஹாட்டிஷில் மிளகாய் போட்டுப் பார்த்தது, அதைத் தேவாலயத்துக்கு எடுத்துப் போனது, பாஸ்டர் இரண்டு டம்ளர் பால் குடித்தது, எல்லாம் யாரிடம் சொல்வது?

அடுத்த வீட்டு லவோன் வந்து பார்த்தாள். லவோன் ஐம்பது வருடச் சினேகிதி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஏண்டி, காதலனுக்குக் காத்திருக்கிற மாதிரி போனையே பாத்துட்டு உக்காந்திருக்க? நீயே கூப்பிட்டுக் கேட்டா என்ன?”

“என்னன்னு கேக்கறது? நான் அந்தப் பொண்ணுக்கு யாரு?”

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீ அழவும் மாட்ட, பால் வேணும்னு சொல்லவும் மாட்ட. பசு தானா வந்து உன் வாயில நிக்கணுமா?”

நவம்பரில், நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு முந்தைய வாரம், ஆர்டிஸ் கல்லூரிக்குப் போன் போட்டாள். போடுவதற்கு முன்னால் தலை சீவிக்கொண்டாள். நன்கொடை அலுவலகத்தில் ஜனெல் என்று ஒருத்தி எடுத்தாள். குரலைக் கேட்டால் முப்பதுகூட இருக்காது, பேச்சு எங்கோ தெற்கத்திப் பேச்சு.

“உங்க அழைப்பு வரலையேன்னு பாத்தேன். உங்களுக்கு ஏதாவது கஷ்டமோன்னு...” என்று இழுத்தாள் ஆர்டிஸ்.

ஜனெல் ஏதோ தட்டிப் பார்த்தாள். “அம்மா, நீங்க மாசக் கொடையாளர்! உங்களையெல்லாம் நாங்க கூப்பிடவே மாட்டோம். நீங்கதான் கேக்காமயே குடுக்கறீங்களே. பட்டியல்லருந்தே எடுத்துட்டோம். இனிமே எங்க தொந்தரவே உங்களுக்கு இருக்காது!”

கொடுத்ததற்குக் கூலி இதுவா? வருடத்துக்கு ஒருமுறை இருபத்தைந்து டாலர் கொடுத்து இழுத்தடித்தவளுக்கு அரை மணி நேரம் பேச ஆள் இருந்தது. மனதாரக் கொடுத்தவளுக்கு ஒன்றும் இல்லை.

“நிறுத்திட்டா?”

“நிறுத்தினா மறுபடி பட்டியல்ல வந்துடுவீங்க, கூப்பிட்டுக் கெஞ்சுவோம்” என்று ஜனெல் சிரித்தாள். பிறகு, நல்ல பெண்தான் அவளும், “எங்க பசங்க யாருக்காவது ஏதாவது சேதி சொல்லணுங்களாம்மா? சொல்லிடறேன்” என்று கேட்டாள்.

“இல்ல இல்ல, பரவாயில்லம்மா” என்றாள் ஆர்டிஸ்.

“சரிங்கம்மா. நல்லா இருங்க” என்று ஜனெல் வைத்துவிட்டாள்.

ஆர்டிஸ் செத்துப்போன போனைப் பிடித்தபடி நின்றாள். ஐம்பத்து மூன்று வருடம் கழித்து அதே வாய் அதே வேலையைச் செய்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டு, இல்லை, சேதி ஒன்று உண்டு என்று சொல்லியிருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அது சுலபம். அவளுக்குச் சமையலறையிலிருந்து நிலவுக்கு நடந்து போகச் சொன்ன மாதிரி.

விஷயத்தைக் கேட்டு லவோன் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்ப நிறுத்திடு. அவ்வளவுதானே? நாளைக்கே வங்கிக்குப் போ.”

“அந்தப் பணம் அவ கடைசி வருஷத்துக்குப் போற பணம்டி. நான் உருவிட்டேன்னா?”

“உன் பதினஞ்சு டாலர்லதான் அந்தக் காலேஜே நிக்குதாக்கும்!”

“மாசம் பதினஞ்சு டாலர்தான். ஆனா என்னை மாதிரி ஒவ்வொருத்தியும் உருவினா?”

லவோன் எலுமிச்சைப் பலகாரத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஆர்டிஸ் படுத்தால் தூக்கமில்லை. பணத்தை நிறுத்தினால் அழைப்பு வரும். ஆனால் அந்த அழைப்பில் பேச வேண்டியவளின் படிப்பிலிருந்தே ஒரு கல்லை உருவுகிறோம். நிறுத்தாவிட்டால் வசந்தத்தில் அவள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவாள், அப்புறம் இந்த ஜன்மத்தில் அந்தக் குரல் கிடையாது. கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தாள். கடைசிப் பருவத்துக் கட்டணம் ஜனவரியில் கட்டுவார்கள். அது கட்டி முடியட்டும். பிறகு நிறுத்தினால் மரிசேலாவுக்குப் பாதகமில்லை. கொடுப்பதை நிறுத்தியவர்களையெல்லாம் பிப்ரவரியில் ஒரு சுற்று கூப்பிடுவார்கள், அதில் தன் பெயர் வரும்.

கிறிஸ்துமஸ் போயிற்று. லெஃப்ஸா ரொட்டி சுட்டாள், தேவாலயத்தில் பாடினாள், வீட்டுக்கு வந்து ஜனவரிக்காகக் காத்திருந்தாள். ஜனவரிக் கடைசியில் பனியில் வழுக்கி வழுக்கி வங்கிக்குப் போய், நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். திருடிக்கொண்டு வருகிறவள் மாதிரி குனிந்த தலையோடு வீடு திரும்பினாள்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, மூன்றரை மணிக்கு, போன் அடித்தது.

“ஹெக்லண்ட் அம்மாங்களா? நோர்ட்பி காலேஜ்ல இருந்து ஹோடன் பேசறேங்க. ரெண்டாம் வருஷம்.”

வேறு குரல். வேறு பெண்ணாகவும் இருக்கலாம் என்று இத்தனை மாதத்தில் ஆர்டிஸுக்குத் தோன்றவே இல்லை.

“சொல்லும்மா.”

“மாசாமாசம் குடுத்துட்டு இருந்தீங்க, போன மாசம் நிறுத்தியிருக்கீங்க. எங்க பக்கம் ஏதாவது குறைங்களாம்மா?”

“குறை ஒண்ணும் இல்ல. நீங்க எல்லாரும் நல்லாதான் இருக்கீங்க.” போன் கயிற்றை விரலில் சுற்றினாள். “முன்னாடியெல்லாம் வேற ஒரு பொண்ணு கூப்பிடும். மேற்கத்தி ஊர்ப் பொண்ணு. இப்பல்லாம் வேலைக்கு வரதில்லையோ என்னமோ.”

“யாரு, மரிசேலாவா? அவ டிசம்பர்லயே முடிச்சுட்டாளேம்மா!”

“என்னது?”

“ஒரு பருவம் முன்னாடியே முடிச்சுட்டா. அந்தக் கட்டணம் மிச்சமாகுமேன்னு ரெண்டு பருவப் பாடத்தையும் சேத்து எடுத்தா. தூங்கவே மாட்டா. கடைசி வருஷ உதவித்தொகை அவளுக்குக் கிடைச்சுது, அதை வச்சு முடிச்சுட்டா. இப்ப அவங்க ஊரு ஸ்கூல்லயே டீச்சர். நாங்க ஒரே அறையில இருந்தோம், அதனால தெரியும்.”

“முடிச்சுட்டாளா?”

“முடிச்சுட்டாம்மா.”

ஆர்டிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முடித்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் உடம்பெல்லாம் பரவியது. உடனே பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. டிசம்பரிலேயே போய்விட்டாள். நவம்பரில் ஜனெலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிடித்திருக்கலாம். இவள் ஜனவரிக்காகக் காத்திருந்த நாளெல்லாம் அந்த அறையில் அந்தப் பெண் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், அதுவும் இரண்டாம் தடவை.

“அம்மா, இருக்கீங்களா?”

“இருக்கேன், இருக்கேன்.”

ஹோடன் குரலைத் தாழ்த்தினாள். “கூப்பிடறவங்க அடுத்த ஆளுக்குன்னு பேருக்குக் கீழ குறிப்பு எழுதி வைப்போம். உங்க பேருக்குக் கீழ மரிசேலா எழுதினது இருக்கு. படிச்சுக் காட்டக் கூடாதுதான். படிக்கட்டுமா?”

“உனக்கு எதுக்குச் சிரமம்...”

ஹோடன் படித்துவிட்டாள். “‘இவங்க சொல்ற முதல் ரெண்டு வேண்டாமும் வேண்டாம் இல்ல. அவசரப்பட்டு வச்சிடாதீங்க. ஒரு காலத்துல ஒருத்தர் இவங்களை ஒரே ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டார். நீங்க விட்டுடாதீங்க.’ அவ்வளவுதாம்மா எழுதியிருக்கா.”

ஜன்னலுக்கு வெளியே லவோன் வீட்டுக் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. ஆர்டிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு சத்தமும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

“மரிசேலா நம்பர் எங்கிட்ட இருக்கும்மா. அவகிட்ட ஏதாவது சொல்லணுங்களா?”

“இல்லம்மா, பரவாயில்ல” என்றது ஆர்டிஸின் வாய்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடி வைக்கப்படுகிற கோப்பு, குலுக்கப்படுகிற கை, சரிங்கம்மா நல்லா இருங்க. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதுதானே வந்தது.

போனில் பின்னால் மற்றப் பிள்ளைகள் பேசுகிற இரைச்சல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஹோடன் வைக்கவில்லை.

“ஹெக்லண்ட் அம்மா” என்றாள் அவள், நிதானமாக. “மரிசேலாகிட்ட ஏதாவது சொல்லட்டுமா?”

மூன்றாவது தடவைக்கு ஆர்டிஸ் காத்திருக்கவில்லை.

“சொல்லு” என்றாள். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள். “என்னைக் கூப்பிடச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு.”